காளை தூக்கி எறிந்த பிறகு: தண்டுவடக் காயமும் செட்டிநாட்டு வீடும்

தை மூன்றாம் நாள், காணும் பொங்கலன்று, திருப்பத்தூர் பக்கம் சிராவயலில் மஞ்சுவிரட்டு. தொழுவிலிருந்து வரும் மாடுகள் ஒரு பக்கம், பொட்டலில் ஆங்காங்கே அவிழ்த்துவிடப்படும் கட்டுமாடுகள் இன்னொரு பக்கம். மாசி மகத்துக்குச் சிங்கம்புணரி பக்கம் அரளிப்பாறையில் மறுபடியும். இடையில் ஊருக்கு ஊர் வடமாடு (நீளக் கயிற்றில் கட்டிய காளையை அடக்குவது), திருவிழாவை ஒட்டி இரவு விளக்கில் கபடி. செட்டிநாட்டுப் பக்கத்து இளைஞர்களின் விளையாட்டு ஆண்டு இப்படித்தான் சுற்றி வருகிறது. குத்துப்பட்டவர்கள் கணக்கு மறுநாள் பேப்பரில் வந்துவிடும். வயிறு கிழிந்தவர், தொடையில் கொம்பு இறங்கியவர், பிழைத்துவிட்டால் அடுத்த தைக்குள் எழுந்து நடமாடுவார். தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியவரைப் பற்றி அதன்பின் யாரும் எழுதுவதில்லை. அவருக்கு 22 வயது என்றால், சரியாகப் பார்த்துக்கொண்டால், இன்னும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டியவர். அந்தப் பத்தாண்டுகளை எதைக்கொண்டு கட்டுவது என்பதே இங்கே விஷயம்.

மாட்டுக் கொம்பு முதுகெலும்பை நேராகத் துளைப்பது அபூர்வம். கழுத்தைக் கெடுப்பது விழுகிற விதம். தலையைக் குனிந்தபடி இருக்கும்போது கழுத்தின் இயல்பான வளைவு போய், ஏழு எலும்பும் ஒரே கோட்டில் நின்றுவிடும். அந்த நிலையில் உச்சந்தலையில் விழும் அடியை வளைந்து வாங்கிக்கொள்ளக் கழுத்துக்கு வழியில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ எலும்பு வெடித்து, அதன் சில்லு பின்பக்கம் தள்ளித் தண்டுவடத்தை நசுக்கும். கபடியில் பாடிப் போனவர் கோட்டைத் தொடத் தலையைக் கவிழ்த்துப் பாயும்போது மேலே நான்கு பேர் விழுந்தாலும் இதே கதைதான். ஊரணியிலும் இதேதான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஆளை மூழ்கடிக்கிற ஊரணி, பங்குனி கடைசியில் இடுப்பளவுக்கு வந்திருக்கும். பையன்கள் அதே படித்துறையிலிருந்து அதேபோலத் தலைகீழாகப் பாய்வார்கள். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவரும் நீச்சல் வீராங்கனையுமான ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், 1998-ல் புதுச்சேரிக் கடலில் ஆழமில்லாத தண்ணீரில் பாய்ந்த நொடியில்தான் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். நீச்சல் தெரியாததால் வருகிற விபத்து அல்ல இது.

விழுந்தவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓடுவதைக் களத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். பாதி நசுங்கிய தண்டுவடம் முழுதாக நசுங்குவதற்கு அந்த நூறு அடி போதும். கை கால் அசையவில்லை, மரத்துப்போயிருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று அவர் சொன்னால் ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டுக் காதுகளின் இருபுறமும் பிடித்துத் தலையை உடலோடு நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். மூன்று நான்கு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்து, தலையைப் பிடித்தவர் எண்ணும் எண்ணுக்கு உடலை ஒரே கட்டையாக உருட்டி, அடியில் பலகையைத் தள்ள வேண்டும். பலகை இல்லையென்றால் கழற்றிய கதவு போதும். பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைவிட, 108 வரும்வரை வெயில் படாமல் மறைத்து அங்கேயே வைத்திருப்பது நல்லது. விழா நடத்தும் கமிட்டி ஒவ்வொன்றும் இதை ஒருமுறை தரையில் படுத்து ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யக் காட்டுகிற அக்கறையில் பாதி இருந்தாலே இது நடக்கும்.

எந்த எலும்பு, எவ்வளவு மிச்சம்

ஆஸ்பத்திரிச் சீட்டில் சி5, சி6, டி10 என்று எழுதியிருப்பார்கள். ‘சி’ கழுத்து எலும்பு, ‘டி’ நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு, எண் மேலிருந்து கீழாக எத்தனையாவது என்பது. குடும்பம் முதலில் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த எழுத்தைத்தான், ஏனென்றால் வீட்டில் என்ன மாற்ற வேண்டும், எந்த நாற்காலி வாங்க வேண்டும், எந்த விளையாட்டு சாத்தியம் எல்லாமே அதிலிருந்து கிளம்புகிறது. சி5 வரை வேலை செய்தால் முழங்கையை மடக்கலாம், நீட்ட முடியாது. சி6 என்றால் மணிக்கட்டை மேலே தூக்கலாம். சி7 என்றால் முழங்கையை நீட்டலாம். கை ஊன்றி உடலைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொள்ளலாம். டி1-க்குக் கீழே அடி என்றால் இரண்டு கையும் முழுசாக உண்டு. டி12 பக்கம் வந்தால் உட்காரும் நிதானமும் வயிற்றுத் தசையும் பெரும்பாலும் மிஞ்சும்.

சி6 ஆளிடம் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைக் கெடுப்பது பெரும்பாலும் பாசமுள்ள சொந்தக்காரர்கள். விரல்களுக்குச் சக்தி இல்லாவிட்டாலும் மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்களின் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும். கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். அந்தப் பிடியில் ஸ்பூன், பேனா, செல்போன், சிறுநீர் எடுக்கும் குழாயான கத்தீட்டர் எல்லாம் நிற்கும். அந்தத் தசைநாண் கொஞ்சம் இறுகியிருந்தால்தான் இந்தப் பிடி கிடைக்கும். அத்தையும் சித்தியும் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து விரலையும் சேர்த்து நீட்டி நீட்டி விட்டால் அது தளர்ந்து, பிடி போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டைத் தூக்கும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டலாம்.

"எப்ப நடப்பான்?" என்பதுதான் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி. காயம் முழுமையானதா அரைகுறையானதா என்பதை ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அங்கே தசையை இறுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். இரண்டும் இல்லையென்றால் ‘ஏ’ வகை. அந்த வகையில் மீண்டும் நடப்பவர்கள் மிகச் சிலரே. மீட்சி எந்த வகையிலும் முதல் ஆறு மாதத்தில் வேகமாக இருக்கும், ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு மெல்ல நின்றுவிடும். இதை மறைத்துப் பேசுவதால் நன்மை எதுவும் இல்லை. நடப்பதற்காகக் காத்திருக்கும் குடும்பம் வீட்டைத் திருத்தாது, நல்ல நாற்காலி வாங்காது, படிப்பையோ வேலையையோ யோசிக்காது. அத்தனையும் "எழுந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். அந்தக் காத்திருப்பில்தான் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம்செல் ஊசி போடுகிற இடங்களும் உள்ளே வருகின்றன. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம்செல் இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறையான ஆய்வுக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்வதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் ஏற்பதில்லை. தோட்டத்தை விற்று அந்த ஊசிக்குப் போவதற்கு முன், அதே பணத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு சரிவும் கட்டலாம், நாற்காலியும் வாங்கலாம் என்று யாராவது அந்த வீட்டில் சொல்ல வேண்டும்.

வீரரின் பழக்கம்: உதவுவதும் கெடுப்பதும்

விளையாட்டுக்காரருக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு. விடிகாலை எழுவது, சலிக்காமல் ஒன்றையே நூறு தடவை செய்வது, நேரக் கணக்கு. தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய வாழ்க்கை கிட்டத்தட்ட முழுக்க இதில்தான் நிற்கிறது. அவரிடமே இன்னொரு பழக்கமும் இருக்கிறது: வலியைப் பொருட்படுத்தாமல் இழுத்துப்பிடிப்பது. களத்தில் கைதட்டு வாங்கித் தந்த அந்தக் குணம் இப்போது உயிருக்கு ஆபத்து, ஏனென்றால் வலி என்ற காவலாளே போய்விட்டான். புண் வலிக்காது, எலும்பு முறிந்தால் வலிக்காது, சிறுநீர்ப்பை நிரம்பினால் முட்டாது. உடல் சொல்லாததைக் கடிகாரம் சொல்ல வேண்டும்.

படுக்கைப் புண்ணிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கட்டிய வாழ்க்கையைத் திரும்பத் திரும்ப இடிப்பது அதுதான். உட்காரும்போது பிட்டத்தின் இரு எலும்பும், மல்லாந்தால் வாலெலும்பும் குதிகாலும், ஒருக்களித்தால் இடுப்பு எலும்பும் தோலை நசுக்கும். இரத்தம் ஓடாத தோல் ஓரிரு மணி நேரத்தில் சாகத் தொடங்கும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும். நாற்காலியில் கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை பாரத்தை மாற்ற வேண்டும். இங்கேதான் வீரர்கள் தவறுகிறார்கள்: கை ஊன்றி எம்பி, பத்து விநாடி நின்று, ஆயிற்று என்று உட்கார்ந்துவிடுவார்கள். தோலுக்குள் இரத்தம் திரும்ப ஓடக் குறைந்தது ஒன்றரை, இரண்டு நிமிடம் வேண்டும். அவ்வளவு நேரம் எம்பி நின்றால் தோள் போய்விடும். நெஞ்சை முழங்காலுக்குக் கொண்டுவந்து முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருப்பது, இல்லையென்றால் மேஜையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு பிட்டத்தைத் தூக்கி வைத்து, பிறகு மறுபக்கம் செய்வது, இதுவே சரியான முறை.

காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்து அந்த இடங்களைப் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் பாரத்தை எடுத்துவிட்டு அரை மணி கழித்துப் பார்க்கலாம். மறைந்துவிட்டால் சரி, மறையாவிட்டால் அதுவே புண்ணின் முதல் படி. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடு, தடிப்பு, கன்றிய கருமை ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மீண்டும் உட்காரவே கூடாது, அது மறைகிற வரை, எத்தனை நாளானாலும். நாற்காலியில் மடித்துப் போட்ட ஜமுக்காளம் மெத்தை ஆகாது. காற்றடித்த வளையம் இன்னும் மோசம். நடுவில் உள்ள தோலுக்குச் சுற்றிலும் இரத்தத்தை அடைத்துவிடும். வசதி இருந்தால் காற்றறைகள் கொண்ட மெத்தை, இல்லாவிட்டால் நாலு அங்குல உயர்ரக ஃபோம், அதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது. கையைக் குழித்து அடியில் விட்டுப் பார்த்தால் எலும்பு மெத்தையை நசுக்கிப் பலகையைத் தொடுகிறதா என்று தெரிந்துவிடும்.

செட்டிநாட்டுக்கென்றே சில சுடுபுண்கள் உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்த முற்றத்துக் கல்லில் காலை ஊன்றி வைத்தல், மடியில் டீ டம்ளர், பைக்கின் சைலன்சர் மேல் கெண்டைக்கால், ஒத்தடம் என்று வைக்கிற சுட்ட செங்கல். வைத்தியர் சூடான எண்ணெய் ஊற்றிப் பிழிந்து தடவுகிற இடத்திலும் ஆபத்து இரண்டு வகை. தோல் வெந்தால் தெரியாது; முதல் மூன்று மாதத்தில் காலின் ஆழத்து இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருந்தால் தடவத் தடவ அது கழன்று நுரையீரலுக்கு ஏறும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் தைலம் வேண்டாம். டேப் வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்து எழுதிக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சிறுநீர் விஷயத்தில் முதல் பாடம், மாதக்கணக்கில் பையும் குழாயுமாக இருக்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை என்பது. கை வேலை செய்கிறவர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கத்தீட்டர் விட்டு எடுத்துக்கொள்ளலாம். 12 அல்லது 14 அளவுக் குழாய், கை கழுவ சோப்பு, ஜெல்லி, அளவு போட்ட ஒரு பாத்திரம். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் அல்லது குடிப்பது அதிகம் என்று பொருள். பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. அது கல்லுக்கும் தொற்றுக்கும் நேர்வழி. நாளுக்கு இரண்டு லிட்டர் வரை, பகலில் பிரித்துக் குடித்து, இரவு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் தூக்கமும் கெடாது. சிறுநீர் கலங்கி நாறுவதோடு காய்ச்சலோ, கால் வெட்டி இழுப்பது திடீரென அதிகமாவதோ சேர்ந்தால்தான் தொற்று என்று ஓட வேண்டும். சும்மா நாற்றத்துக்கெல்லாம் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்றால், நிஜமாகத் தேவைப்படுகிற நாளில் எந்த மருந்தும் கேட்காது.

மலம் கழிப்பதும் நேரக் கணக்கே. காலைச் சாப்பாடு முடிந்து 20 முதல் 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கமோடு நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றை வலப்பக்கக் கீழிருந்து மேலே, குறுக்கே, இடப்பக்கம் கீழே என்று தடவி, கையுறையும் ஜெல்லியும் போட்ட விரலால் உள்ளே 15, 20 விநாடி வட்டமாகச் சுற்றித் தூண்டி, ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி. தண்டுவடத்தின் அடிமுனையில் அடிபட்டவருக்கு இந்தத் தூண்டல் வேலை செய்யாது. அவர் விரலாலேயே எடுக்க வேண்டும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரம். ஒரு மாதம் பிடித்துக்கொண்டால் வெளியே போகிற இடத்தில் விபத்து நேராது என்ற தைரியம் வரும், அந்தத் தைரியம் இல்லாமல் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. இதைப் பேசக் கூசுகிற வீட்டில்தான் ஆள் வருடக்கணக்கில் உள்ளறையிலேயே கிடக்கிறார்.

டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் ஓர் ஆபத்தைப் பெயர் தெரியாவிட்டாலும் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து காயத்துக்கு மேலே வியர்வை கொட்டுதல், மூக்கடைப்பு. இவர்களுக்கு வழக்கமான ரத்த அழுத்தமே 90, 100 என்று இருக்கும். அது 140 ஆனால் மற்றவருக்குச் சாதாரணம், இவருக்குப் பேராபத்து. உடனே உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்புக் கயிறு, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் மலம் அடைத்திருக்கலாம், நகம் சதைக்குள் போயிருக்கலாம். அழுத்தம் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். சின்ன ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்க்காத பணியாளர்கள் இருப்பார்கள், ஆகவே வழக்கமான அழுத்த அளவை எழுதிய ஒரு சீட்டு நாற்காலிப் பையில் எப்போதும் இருக்கட்டும். அதே ஆட்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை, வைகாசி மதியத்தில் உடம்பு அடுப்புபோல் ஏறும். ஈரத்துண்டு கழுத்தில், ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், வெளிவேலை காலை எட்டு மணிக்குள்.

திண்ணையும் நிலைப்படியும்

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கானாடுகாத்தான் மாளிகைகள் நினைவுக்கு வரும். மாடு பிடிக்கிற பையன் வீடு பெரும்பாலும் ஓட்டு வீடு, தொகுப்பு வீடு, அல்லது பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கு அங்கே ஒதுக்கிய பின்கட்டு அறை. இரண்டு வகை வீட்டிலும் தடை ஒன்றுதான்: உயரம்.

சரிவுக்குக் கணக்கு எளிது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். நாலு அங்குல நிலைப்படிக்கு நாலடி. அதைத் தச்சர் ஒரு மணி நேரத்தில் பலகையில் செய்து, மேலே ரப்பர் ஒட்டித் தந்துவிடுவார். தெருவிலிருந்து மூன்றடி உயர்ந்த திண்ணைக்கு 36 அடி வேண்டும். 30 அங்குலம் ஏறியதும் ஐந்தடிக்குச் சமதளம் விட்டு, பிறகு மிச்சத்தை ஏற வேண்டும். தெருவில் அதற்கு இடம் இருக்காது. பக்கத்துச் சந்தோடு மடக்கிக் கட்டலாம். பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. அடுப்படிப் பக்க வாசலில் உயரம் குறைவாக இருந்தால் சரிவை அங்கே போடலாம் என்று மேஸ்திரி சொல்வார். முடிந்தவரை அதற்குச் சம்மதிக்காமல் இருப்பது நல்லது. முன்வாசல் வழியாக வந்து போகிற ஆளோடு தெரு பேசும். பின்வாசல் ஆளை ஊர் மறந்துவிடும். 1:8 அளவில் செங்குத்தான சரிவு போட்டு, ஏறும்போது ஒருவர் தள்ளினாலும் பரவாயில்லை, முன்பக்கமே இருக்கட்டும்.

ஆத்தங்குடித் தரை நாற்காலிக்கு அருமையானது; புழங்கப் புழங்க வழவழப்பாகி, ஒரு தள்ளலுக்குப் பத்தடி ஓடும். ஆனால் ஈரம் பட்டால் கட்டிலிலிருந்து மாறும்போது முன் சக்கரம் நழுவும், கால் வழுக்கும். தரை கழுவுகிற நேரமும் ஆள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிற நேரமும் மோதக் கூடாது. வளவு முற்றத்தின் ஓரம் இன்னோர் ஆபத்து: சுற்றுத் தாழ்வாரத்திலிருந்து முற்றம் ஒரு படி இறங்கியிருக்கும், இருட்டில் முன் சக்கரம் அதில் இறங்கினால் ஆள் முகங்குப்புற விழுவார். மூன்று அங்குல மரச்சட்டம் ஒன்றை ஓரத்தில் அடித்துவிட்டால் சக்கரம் அங்கே நின்றுவிடும்.

கதவு குறைந்தது 32 அங்குலம் திறக்க வேண்டும். உள்கட்டு அறைகளில் பல அதற்குக் குறைவு. நிலையை இடிக்காமல், கதவைக் கழற்றித் திரை போட்டால் கீல் அடைத்துக்கொள்கிற இரண்டு அங்குலம் கிடைக்கும். நார்க்கட்டில் வேண்டாம், நடுவில் தொய்ந்து, பிட்டத்தைக் குழியில் வைத்து அழுத்தும், அதிலிருந்து எழுந்து மாறவும் முடியாது. கட்டிலும் மெத்தையும் சேர்ந்து நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு, சுமார் 19, 20 அங்குலத்துக்கு, வர வேண்டும். கழிப்பறையில் இந்தியன் கோப்பையை உடைக்கத் தேவையில்லை. சக்கரம் வைத்த கமோடு நாற்காலியை அதன் மேல் தள்ளி நிறுத்தலாம். இருக்கையில் ஃபோம் வைத்து ரெக்சின் தைத்திருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் வளையத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்த புண்கள் ஏராளம்.

நாற்காலி

முகாமில் கொடுக்கிற மடக்கு நாற்காலி 18, 20 கிலோ. அது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் தள்ள இன்னொருவர் உட்காரச் செய்தது. தானே ஓட்டுகிறவருக்கு இடுப்பு அகலத்தோடு ஓர் அங்குலம் கூட்டிய இருக்கை வேண்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி. கையைத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி சக்கர அச்சைத் தொட வேண்டும். அகலமான நாற்காலியில் தோளை விரித்துத் தள்ளித் தள்ளி, சில ஆண்டுகளில் தோள் தசைநாண் கிழிந்து, கால் போனவருக்குக் கையும் போகும். குட்டித் தள்ளல் பலவற்றுக்குப் பதில் நீளமான தள்ளல் ஒன்று, பிறகு கையைச் சக்கரத்துக்குக் கீழே விழவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது. ஜிம்மில் பழகிய வீரர்கள் நெஞ்சுத் தசையை ஏற்றிக்கொண்டே போவார்கள். முதுகுப்புறமும் தோளின் வெளிச்சுழற்சித் தசைகளும் அதைவிட முக்கியம், ரப்பர் பேண்டைக் கதவில் கட்டி இழுத்தாலே போதும்.

இங்கத்திய மண்ணுக்குச் சீமைக்கருவேல முள் பெரிய எதிரி. பஞ்சர் ஆகாத கெட்டி டயர் போட்டால் முள் பயம் போகும், எடையும் குலுக்கலும் கூடும், குலுக்கல் தோலுக்கு நல்லதல்ல. காற்று டயரோடு ஒரு ட்யூப் கூடுதலாக வைத்துக்கொள்வது மேல். டயர் மாற்றும்போது சைக்கிள் கடையில் ‘24’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் ரிம்மில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற முழு எண்ணையும் காட்ட வேண்டும். சென்னை ஐஐடியிலிருந்து வந்த நியோஃப்ளை நாற்காலி ஆள் அளவுக்குச் செய்யப்படுகிறது; அதன் முன்னால் மாட்டும் நியோபோல்ட் மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சார்ஜில் சுமார் 25 கிலோமீட்டர் போகும். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போய்த் திரும்ப அது போதும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்ற சான்றும் யூடிஐடி என்ற தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, தமிழக அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்கு 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திய பராமரிப்பு உதவித்தொகை, பேட்டரி நாற்காலி எல்லாம் அதன் பிறகே. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதல் விண்ணப்பத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமே கொடுத்துவிடலாம்.

மறுபடி ஒரு இடம்

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரால் உருவானது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முன்னே சொன்ன ப்ரீத்தி ஸ்ரீனிவாசனின் சோல்ஃப்ரீ அமைப்பு திருவண்ணாமலையில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே இயங்குகிறது. இந்த மூன்று இடத்திலும் கிடைப்பதில் விலைமதிப்பற்றது, அதே காயத்தோடு பத்து ஆண்டு வாழ்ந்த இன்னொருவரைப் பார்ப்பது. ஃபிசியோ சொல்லிக் கேட்காத பையன், தானே நாற்காலியிலிருந்து காருக்குள் மாறி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற ஒருவரைப் பார்த்ததும் மறுநாள் காலை பயிற்சிக்கு வந்து நிற்பான். முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது குடும்பத்தோடு போய் ஒரு மாதம் தங்க வேண்டும். திருமணம், தாம்பத்தியம், குழந்தை பற்றிய கேள்விகளையும் அங்கே நேராகக் கேட்கலாம். ஆணுக்கு விறைப்புக்கு மருந்து உண்டு, விந்து எடுக்க மருத்துவ வழி உண்டு. பெண்ணுக்கு மாதவிடாய் சில மாதத்தில் திரும்பும், கருத்தரிக்கலாம். "இனிமே அவனுக்கென்ன கல்யாணம்" என்று வீட்டில் முடிவெடுப்பது அறியாமை மட்டுமே.

களத்துக்கு உள்ளேயே திரும்பும் வழிகளும் இருக்கின்றன. கபடியில் ஸ்கோரர் மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை. விதி அறிந்த பழைய ஆட்டக்காரரைவிட அதற்குப் பொருத்தமானவர் இல்லை. செல்போனில் ஆட்டத்தைப் பிடித்து, ரெய்டு ரெய்டாகப் பிரித்து, எந்தப் பக்க மூலையில் அணி திரும்பத் திரும்ப மாட்டுகிறது என்று பயிற்சியாளருக்குக் காட்டுவதும் நாற்காலியிலிருந்தே செய்யலாம். காளை வளர்ப்பில் தீனி, நடை, நீச்சல் கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழகிய மாடானாலும் நாற்காலியின் பளபளப்பைக் கண்டு மிரளும், விலக ஓட முடியாது, இடையில் உறுதியான வேலி இல்லாமல் அருகில் போகக் கூடாது.

தாமே மறுபடி போட்டியில் இறங்க விரும்புகிறவர்களுக்கு முன்னோடி முரளிகாந்த் பேட்கர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர், 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கம் அவருடையது. 2016 ரியோவில் தீபா மாலிக், நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியற்ற நிலையில், எஃப்53 (உட்கார்ந்து எறிபவர்களைப் பாதிப்பின் அளவுப்படி பிரிக்கும் வகைகளில் ஒன்று) குண்டு எறிதலில் 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். காரைக்குடி போன்ற ஊரில் தொடங்க எளிதானது இந்த உட்கார்ந்து எறியும் போட்டிகள்தான்: நீச்சல் குளமோ பந்தயச் சக்கர நாற்காலியோ வேண்டாம், ஒரு வெல்டிங் பட்டறை போதும். இரும்புக் குழாயில் செய்த இருக்கை, மெத்தையோடு சேர்த்து உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பிடித்துக்கொள்ள வளையாத ஒரு நிமிர்குழாய் முன்னால் வைக்கலாம். தொடையையும் இடுப்பையும் நீளாத பட்டையால் கட்ட வேண்டும். எறியும்போது பிட்டம் இருக்கையைவிட்டு எழுந்தால் அந்த எறி செல்லாது. இருக்கையை நாலு மூலையிலும் ஆணி அறைந்து வாரால் இழுத்துக் கட்டாவிட்டால் எறிகிற வேகத்தில் பின்னால் சாயும். விரல் பிடி இல்லாத எஃப்51 வகையினருக்கு 397 கிராம் எடையுள்ள கட்டை எறிதல் இருக்கிறது. குண்டு எறிகிறவர் முதல் மாதம் ஒரு கிலோ பந்தோடு நிற்கட்டும். உடம்பு நிதானம் வந்த பிறகே போட்டி எடைக்குப் போகலாம். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் பட்டை அழுத்திய தொடையையும் பிட்டத்தையும் கண்ணாடியில் பார்த்து, சிவப்பு அரை மணியில் மறையவில்லை என்றால் மறுநாள் பயிற்சி கிடையாது.